போய்ட்டு வர்றேன்: கியோட்டோவில் மாணவர் குழுவுக்குப் பத்து நாள்

நாள் 1

24 மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், பத்து நாள். முதல் மூன்று இரவு விடுதியில். மீதி ஆறு இரவு கியோட்டோ வீடுகளில், வீட்டுக்கு இரண்டு பேராக. கோயில்களையும் தோட்டங்களையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்தக் குறிப்புகள் செருப்பு, குளியல், குப்பை, பஸ் சில்லறை பற்றியவை. ஜப்பானில் ஒரு மாணவர் ஊரோடு ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் இவற்றில்தான் தெரியும்.

கான்சாய் விமான நிலையம் ஒசாகா வளைகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. 1994-ல் திறந்தார்கள். குடிநுழைவில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் இரண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் ஏறும் முன்பே பதிந்துவிட்டால் இங்கே கியூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும். பதியும்போது பெரும்பாலும் சிக்குவது தங்குமிட முகவரியில். ஆசிரியருக்குத்தான் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டில் விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எழுதி ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்குள்ளும் செருகி வையுங்கள். அதே சீட்டு பத்து நாளும் உதவும். 16 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் ஆசிரியர் எல்லாவற்றையும் வாங்கி ஒரே பையில் பூட்டி வைக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

பெட்டிக்குள் இருக்கக் கூடாதவை: இறைச்சி சேர்ந்த எதுவும், தாவர நோய்ச் சான்று இல்லாத பழம், காய், கறிவேப்பிலை. மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை, அதைத் தாண்டினால் முன்அனுமதி வேண்டும். ஆனால் கவனக்குறைவுக் கோளாறுக்குத் (ஏடிஎச்டி) தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரை ஒன்றே ஒன்று என்றாலும் தடை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையும் அப்படியே. பல நாடுகளில் கடையில் கேட்டதும் கிடைக்கும் சளி மாத்திரை என்பதால் இது யாருக்கும் தோன்றாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பெற்றோரிடம் மருந்துப் பட்டியல் வாங்கிப் பாருங்கள்.

கியோட்டோவுக்கு ஹருகா விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ரயிலிலும் பஸ்ஸிலும் காட்டிப் போகும், பணம் ஏற்றிய 'இகோகா' அட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதில் ஏற முடியாது. அட்டை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். விரைவு ரயிலுக்கான தனி டிக்கெட்டும் வேண்டும். அட்டையை ஆளுக்கொன்றாக இங்கேயே வாங்குங்கள்: 2,000 யென், அதில் 500 வைப்புத்தொகை, 1,500 பயணத்துக்கு. ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. உள்ளே போன பதிவு இருக்கும்போது அதே அட்டை இன்னொருவருக்குக் கதவைத் திறக்காது.

ஏறும் முன் பிளாட்பாரத்திலேயே ஒரு விதியைச் சொல்லி ஒப்பிக்க வையுங்கள். கதவு மூடி யாராவது கீழே நின்றுவிட்டால், நின்றவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ரயிலில் போனவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் காத்திருப்பார்கள், ஆசிரியர் ஒருவர் திரும்பி வருவார். இரண்டு பக்கமும் தேடிக்கொண்டு ஓடினால்தான் ஆள் தொலைவது.

இங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். செல்போன் சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 230 வோல்ட்டுக்குச் செய்த தலைமுடி நேராக்கியும் கெட்டிலும் இங்கே வெதுவெதுப்போடு நின்றுவிடும். எடுத்து வருவதில் பயனில்லை.

மேற்கிலிருந்து வருகிறவர்களின் உடம்புக் கடிகாரம் இங்கே பின்தங்கியிருக்கும்: இரவு தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. இன்று மாலை குட்டித் தூக்கம் வேண்டாம். ஒன்பது மணிக்குப் படுத்து, காலையில் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

நாள் 2

24 பேர் ஒன்றாக நடந்தால் அதுவே ஒரு ஊர். நடைபாதை அடைபடும், கடைக்குள் போனால் கடை நிறையும், பேச்சுச் சத்தத்தில் சுற்றியிருப்பவர்கள் ஒதுங்குவார்கள். உள்ளூர் ஆள் ஒருவர்கூட அந்தக் கூட்டத்திடம் வந்து பேச மாட்டார். அதனால் இன்று காலையிலேயே நான்கு நான்கு பேராக ஆறு அணி. ஒருவருக்கு வரைபடம், ஒருவருக்கு நேரம், ஒருவருக்குப் பணக் கணக்கு, ஒருவருக்குப் பேச்சு. நாள்தோறும் பொறுப்பு கைமாறும். 'பேச்சு'க்காரர்தான் இன்று வழி கேட்பார், டிக்கெட் கேட்பார். நன்றாகப் பேசுகிற பிள்ளையே பத்து நாளும் பேசினால் மற்ற மூன்று பேரும் வாய் திறக்காமலே ஊர் திரும்புவார்கள்.

பாடம் நகரப் பேருந்து. கியோட்டோ நகரப் பஸ்ஸில் பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்க வேண்டும், காசு இறங்கும்போது. நகருக்குள் ஒரே கட்டணம், பெரியவர்களுக்கு 230 யென். ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பெட்டி மீதிச் சில்லறை தராது. 500 யென் நாணயத்தைக் கட்டணத் துளையில் போட்டால் 270 போனது போனதுதான். அதே பெட்டியில் சில்லறை மாற்றும் துளை தனியாக உண்டு. 1,000 யென் தாளையோ 500 நாணயத்தையோ அதில் விட்டால் கீழே உள்ள கிண்ணத்தில் சில்லறை விழும். அதிலிருந்து 230-ஐ எண்ணிக் கட்டணத் துளையில் போட வேண்டும். தடுமாற்றம் வருவது இந்த இரண்டு துளையில்தான். பஸ் சிக்னலில் நிற்கும்போதே போய் மாற்றி வைத்துக்கொண்டால் இறங்குகிற இடத்தில் பின்னால் இருபது பேர் காத்து நிற்க மாட்டார்கள். அட்டை இருந்தால் இறங்கும்போது ஒருமுறை காட்டினால் போதும்.

முதுகுப் பையை ஏறும் முன்பே கழற்றி மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். செல்போனில் பேசுவதில்லை, ரயிலிலும் இதே வழக்கம். பெரிய பெட்டியோடு பஸ்ஸில் ஏறவே வேண்டாம். விடுதியிலிருந்து வீடுகளுக்குப் பெட்டிகளை அனுப்ப 'தக்கியூபின்' என்ற சேவை இருக்கிறது. இன்று கொடுத்தால் பொதுவாக நாளைக்குப் போய்ச் சேரும், ஒரு நாள் மாற்றுத்துணி மட்டும் கையில் இருந்தால் போதும்.

முக்கியக் கோயில்களுக்குப் போகும் பஸ்களில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அவர்களுக்கு வருத்தம் உண்டு. சுரங்க ரயிலில் போய் மீதித் தூரத்தை நடப்பது நல்லது. கராசுமா பாதை வடக்குத் தெற்காகவும் தோசாய் பாதை கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. கியோட்டோ வீதிகளும் கட்டம் கட்டமாகவே இருப்பதால் திசை பிடிபட ஒரு நாள் போதும்.

நாள் 3

இன்று முழுக்கச் சாப்பாடு. சைவப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் பிரச்சினை இறைச்சியால் வருவதில்லை, 'தாஷி'யால் வருகிறது. கட்சுவோ என்ற மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் காயவைத்து, சீவல் சீவலாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், டோஃபு மேல் ஊற்றும் திரவம் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது. நமக்குத் தாளிப்பு எப்படியோ அப்படி. தாளிப்பைத் தனி உணவாக யாரும் நினைப்பதில்லை அல்லவா? அதனால்தான் 'நிகு நாஷி', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன் துண்டு இல்லாமல், மீன் சாற்றோடு வரும். சமைத்தவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அது மீனே இல்லை.

கடைப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்பவர்களும் இங்கே தவறுவார்கள். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு போன்றவற்றைக் கட்டாயம் அச்சிட வேண்டும். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவற்றை அச்சிடச் சொல்லிப் பரிந்துரை இருக்கிறது. கட்சுவோ இரண்டிலும் இல்லை. ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. மூலப்பொருள் வரிசை முழுவதையும் செல்போன் கேமரா மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டும்.

குழு செய்ய வேண்டியது கிளம்பும் முன்பே இருக்கிறது. வீட்டாருக்கு அனுப்பும் படிவத்தில் 'சைவம்' என்ற ஒற்றைச் சொல் பயன்படாது. மூன்று படியாகக் கேளுங்கள்: இறைச்சியும் மீனும் துண்டாக இல்லாவிட்டால் போதுமா, தாஷியும் கூடாதா, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எப்படி? பதிலைப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து எழுதட்டும், எழுதியதை இங்கே வந்து மாற்றக் கூடாது. தாஷி கூடாது என்று தெரிந்தால் வீட்டம்மா கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் சாறு எடுப்பார். பௌத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' சமையலே அப்படித்தான் நடக்கிறது, கியோட்டோ அதற்குப் பேர் போன ஊர். முன்பே சொன்னால் வழி இருக்கிறது. தட்டு வைத்த பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

அவசரப் பசிக்குக் கடையில் ஒனிகிரி. முக்கோணச் சோற்றுக் கட்டி, நடுவே உள்ளீடு, மேலே கடற்பாசித் தாள். தாள் நமத்துப்போகாமல் இருக்கச் சோற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உறையில் 1, 2, 3 என்று எண் இருக்கும். 1-ல் உள்ள நாடாவை உச்சியிலிருந்து பிடித்து முன்னும் பின்னும் சுற்றிக் கிழிக்க வேண்டும். பிறகு 2-ஐயும் 3-ஐயும் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் படலம் வெளியே வரும், தாள் சோற்றோடு ஒட்டிக்கொள்ளும். வரிசை மாறினால் தாள் பாதி உறையோடு போய்விடும். புளிப்பான உமே பழம் வைத்ததே சைவத்துக்கு நெருக்கம். சிலவற்றில் அதிலும் கட்சுவோச் சாறு உண்டு, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். டிப்ஸ் கிடையாது, மேசையில் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

நாள் 4

வீடுகளுக்குப் போகும் நாள். 24 பேர் இன்று மாலைக்குள் இரண்டு இரண்டாகப் பிரிகிறார்கள்.

வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு படி தாழ்ந்த இடம், 'கெங்கான்'. செருப்பு அந்தத் தாழ்ந்த பகுதியோடு சரி. வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை, ஆனால் கழற்றும் முறை வேறு. தாழ்ந்த தரையில் வெறுங்காலோ காலுறையோ படக் கூடாது, மேல்தளத்தில் ஷூ படக் கூடாது. ஷூவிலிருந்து காலை உருவி நேராக மேலே வைக்க வேண்டும். ஏறிய பிறகு ஒரு பக்கமாக மண்டியிட்டு, ஷூவை நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைக்க வேண்டும். நாடா கட்டும் ஷூவானால் அங்கேயே நின்று தடுமாறுவீர்கள். கட்டாமல் மாட்டும் வகையே இந்தப் பயணத்துக்கு ஏற்றது. ஓட்டைக் காலுறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே ஸ்லிப்பர் தருவார்கள். தத்தாமிப் பாய் அறைக்குள் அதையும் கழற்ற வேண்டும். கழிவறை வாசலில் வேறொரு ஜோடி இருக்கும், அது கழிவறைக்குள் மட்டும். கழிவறை ஸ்லிப்பரோடு கூடத்துக்கு வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளியே வரும்போது பின்பக்கமாக நடந்து கழற்றினால், அடுத்தவர் மாட்ட வசதியாக ஸ்லிப்பர் திசை பார்த்து நிற்கும், நினைவும் வரும்.

அன்பளிப்பு: தனித்தனியாக உறையிட்ட இனிப்போ, ஊர்க் கைவினைப் பொருளோ. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். நான்கு என்ற எண்ணிக்கை வேண்டாம். நான்கைக் குறிக்கும் 'ஷி' என்ற ஒலி சாவையும் குறிக்கும். வீட்டுப் பெரியவர்களை 'ஒகாசான்', 'ஒதோசான்' என்று அழைக்கச் சொல்வார்கள், அதாவது அம்மா, அப்பா. அக்கம்பக்கத்தாரையே மாமா, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் கூச்சம் வராது.

குளியல்தான் அதிகம் விளக்க வேண்டியது. 'ஒஃபுரோ' அறையில் குழாயும் முக்காலியும் உள்ள தரைப்பகுதி ஒரு பக்கம், மூடி போட்ட ஆழமான தொட்டி மறுபக்கம். சோப்பு, ஷாம்பு எல்லாம் வெளியே, முக்காலியில் உட்கார்ந்து. நின்றபடி குளித்தால் சோப்பு நுரை தொட்டிக்குள் தெறிக்கும். முழுக்கக் கழுவி, நுரை துளி இல்லாமல் அலசி, முடியை உயர்த்திக் கட்டிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. இத்தனை கறார் எதற்கென்றால், அந்த ஒரே தொட்டித் தண்ணீரில்தான் அன்றிரவு வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்து இறங்குகிறார்கள். பல வீடுகளில் மறுநாள் துணி துவைக்கவும் அதே தண்ணீர்தான்.

அதனால் ஒருபோதும் செய்யக் கூடாதது: குளித்து முடித்ததும் அடைப்பைப் பிடுங்குவது. விருந்தினர் என்பதால் முதலில் உங்களைத்தான் போகச் சொல்வார்கள். நீங்கள் பிடுங்கிவிட்டால் வீட்டார் மறுபடி தொட்டி நிரப்ப வேண்டும். ஏறியதும் மூடியைப் போட்டுவிடுங்கள், சூடு தங்கும். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். பழகாதவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். வாளித் தண்ணீரை ஊற்றிக் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பவர்கள் தரைப்பகுதியில் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், தண்ணீர் வடிய வழி உண்டு. காலைக் குளியல் இங்கே பெரும்பாலும் வழக்கமில்லை. வேண்டுமென்றால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கழிவறைப் பக்கவாட்டில் பொத்தான் வரிசை இருக்கும். தண்ணீர் பீய்ச்சுவதை நிறுத்தும் பொத்தானில் பெரும்பாலும் சதுரக் குறி இருக்கும், மற்ற எதையும் தொடும் முன் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். காகிதத்தைக் கோப்பைக்குள்ளேயே போட வேண்டும். பொதுக் கழிவறைகளில் உதவிக்கு அழைக்கும் அவசரப் பொத்தானும் இருக்கும். நீர் விடும் பொத்தான் என்று நினைத்து அதை அழுத்துவது அடிக்கடி நடக்கிறது.

நாள் 5

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தேகிமாஸ்' என்று சொல்ல வேண்டும். சொல்லைப் பிரித்தால் 'போய் வருகிறேன்'. உள்ளிருந்து வரும் பதில் 'இத்தெராஷ்ஷாய்', 'போய் வாருங்கள்'. அப்படியே நம் 'போய்ட்டு வர்றேன்', 'போய்ட்டு வா'. திரும்பி வந்ததும் 'தாதாய்மா', உள்ளிருந்து 'ஒகாஏரி'. சாப்பிடும் முன் 'இதாதாகிமாஸ்', பின் 'கொச்சிசோசாமா'. இந்த ஆறு சொல்லும் தெரிந்தால் வீட்டின் அன்றாடத்தில் பாதி கையில் இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழி ஒரு விதத்தில் சுலபம். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், கேள்விக்கு நம் 'ஆ' போலக் கடைசியில் 'கா' சேர்க்கிறார்கள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ எழுதியதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை, அது வேறு விவாதம். ஆனால் சொல்லை அடுக்கும் வரிசை நமக்குப் பழகியதே. ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானியத்தில் பேச முயல்வதைவிடத் தமிழில் யோசிப்பது நேர்வழி.

இரண்டு சொற்களில் கவனம். 'ஹாய்' என்பது பேச்சின் நடுவில் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் பொருள்படும். சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதையாவது கேட்டபோது 'சோத்தோ...', அதாவது 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்தினால் அது மறுப்பு. 'கொஞ்சம்' என்ன என்று துருவக் கூடாது.

இன்று குப்பை நாள். கியோட்டோ நகராட்சியில் எரிக்கும் குப்பைக்கு மஞ்சள் பை. டின், கண்ணாடிப் புட்டி, பெட் பாட்டிலுக்கு ஒளி ஊடுருவும் பை. 2006 அக்டோபரிலிருந்து இந்தப் பைகளைக் காசு கொடுத்து வாங்கித்தான் குப்பை போட முடியும். மஞ்சள் பை லிட்டருக்கு ஒரு யென். 45 லிட்டர் பை 45 யென். குப்பை கூடினால் வீட்டுச் செலவு கூடும் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எரிக்கும் குப்பை வாரம் இரண்டு நாள், காலை எட்டு மணிக்குள் வெளியே இருக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கைகள் கிழித்துப் போடும். வலை போட்டு மூடுவதும் காக்கைக்காகத்தான்.

ஒரு தண்ணீர் பாட்டில் காலியானால் செய்ய வேண்டியது: மூடியைத் திருகி எடு. சுற்றியிருக்கும் லேபிளில் புள்ளிக் கோடு இருக்கும், அதைப் பிடித்துக் கிழி. பாட்டிலுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டு. காலால் மிதித்து நசுக்கு. மூடியும் லேபிளும் பிளாஸ்டிக் கூடைக்கு, பாட்டில் பாட்டில் கூடைக்கு. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் அறை மூலையில் நாலைந்து பாட்டிலைச் சேர்த்து வைத்தால், நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டம்மா உட்கார்ந்து பிரிப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வாய்விட்டுச் சொல்லாத மனத்தாங்கல்தான் வீட்டில் தங்கும் திட்டங்களைக் கெடுக்கிறது. ஆகவே முதல் நாளே கூடைகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி தேடாதீர்கள். பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை வைத்திருந்து வீட்டுக்கே கொண்டு வர வேண்டும்.

நாள் 6

பள்ளி. வெளி ஷூவை அலமாரியில் வைத்து உள் ஷூ மாட்ட வேண்டும். விருந்தினர் ஸ்லிப்பர் பெரும்பாலும் ஒரே அளவு, மாடிப்படியில் நழுவும். சுத்தமான துணி ஷூ ஒரு ஜோடி எடுத்து வருவது நல்லது.

அறிமுகம் முப்பது விநாடி: பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும், பிடித்த ஒன்று, கடைசியில் 'யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்', அதாவது 'உங்கள் அன்பை வேண்டுகிறேன்' என்பதுபோல ஒரு வணக்கம். பிடித்த ஒன்று துல்லியமாக இருக்கட்டும். 'இசை பிடிக்கும்' என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். 'வயலின், ஐந்து வருடம்' என்றால் இடைவேளையில் யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்.

பாடம் முடிந்ததும் மாணவர்களே வகுப்பைத் துடைக்கிறார்கள். மேசைகளைப் பின்னால் தள்ளி, முன்பாதியைக் கூட்டி, ஈரத்துணியால் தரையைத் தேய்த்து, மேசைகளை முன்னே கொண்டுவந்து மறுபாதி. விருந்தினரைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்க உரைகளில் பிறக்காத சிநேகம் இந்தப் பதினைந்து நிமிடத்தில் பிறக்கிறது. மாலை ஐந்து மணிச் சந்திப்பு என்றால் 4.55-க்கு நிற்க வேண்டும்.

நாள் 7

களைப்பு நாள். புதுமை தீர்ந்துவிட்டது, சோறு அலுக்கிறது, காது புரியாத பேச்சைக் கேட்டே சோர்ந்திருக்கிறது. ஐந்தாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவில் அநேகமாக எல்லாக் குழுவிலும் இது வருகிறது. அறிகுறிகள்: அறைக் கதவு சாத்தியிருப்பது, வீட்டாரோடு உட்காராமல் செல்போன், சின்ன விஷயத்துக்கு அழுகை, 'இந்த ஊர்லயே இப்படித்தான்' என்று தொடங்கும் பேச்சு.

குழுவை ஒன்றாகக் கூட்டி உற்சாகப்படுத்தும் உரை நிகழ்த்துவது உதவாது. இன்று நிகழ்ச்சி ஏதும் வைக்காமல் விடுங்கள். தாய்மொழியில் இரண்டு மணி நேரம் வாய்நிறையப் பேசட்டும். ஆற்றங்கரை நல்ல இடம். காமோ ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது, கரையில் உட்கார்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடியோ அழைப்பு ஒரு முறை, அரை மணி நேரம், மாலையில். படுக்கும் முன் வேண்டாம். அழைப்பை முடித்ததும் வீட்டு நினைப்பு இரண்டு பங்காகும், தூக்கமும் போகும். நீண்ட நேரம் பேசும் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பேசும் பிள்ளைகளே சீக்கிரம் தேறுகிறார்கள், இதைப் பெற்றோருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கைவேலை கொடுங்கள். துணி துவைப்பது நல்ல வேலை. பிறகு வீட்டில் சமையலறைக்குள் போய் நிற்பது. பேச்சு வராதவருக்கு வெங்காயம் நறுக்க வரும்.

இந்தப் பிள்ளைகள் பர்ஸில் வைத்திருக்கும் 5,000 யென் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். 2024 ஜூலையில் வெளிவந்த தாளில் இருப்பவர் த்சுதா உமேகோ. 1871-ல் ஜப்பானிய அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய ஐந்து சிறுமிகளில் இளையவர், அப்போது வயது ஆறு. பதினொரு வருடம் அங்கே ஒரு குடும்பத்தோடு வளர்ந்து 1882-ல் திரும்பியபோது தாய்மொழியையே மறந்திருந்தார். சொந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி மறுபடி பேசக் கற்றார். 1900-ல் பெண்களுக்காக ஒரு கல்விக்கூடம் தொடங்கினார், இன்று அது த்சுதா பல்கலைக்கழகம்.

நாள் 8

நிலநடுக்கம். இங்கே அதிர்வை 0 முதல் 7 வரை ஒரு அளவில் சொல்கிறார்கள். 5-க்கும் 6-க்கும் கீழ், மேல் என்று இரண்டு படி. தொலைக்காட்சியில் சொல்லும் இந்த எண் ரிக்டர் கிடையாது, அந்தந்த இடம் எவ்வளவு குலுங்கியது என்பதன் அளவு. '3' என்றால் வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உணர்வார்கள். சாப்பாட்டை நிறுத்தாமல் விளக்கு ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தொடர்வார்கள். நீங்களும் பதற வேண்டாம். பலமாக இருந்தால் மேசைக்கடியில் புகுந்து மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிர்வு நின்ற பிறகே கதவு. வெளியே ஓடினால் கூரை ஓடும் கண்ணாடியும் தலையில் விழும். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்குக் கோபேயில் வந்த நடுக்கத்தில் தூக்கத்திலேயே வீட்டுக்கும் அலமாரிக்கும் அடியில் நசுங்கியவர்கள் ஏராளம். ஆகவே படுக்கை அலமாரிக்கு நேர்க்கீழே வேண்டாம். கால்மாட்டில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், உடைந்த கண்ணாடியில் நடக்க வேண்டி வரும்.

வெளிநாட்டு சிம் போட்ட செல்போனில் அபாய மணி வராமல் போகலாம். 'சேஃப்டி டிப்ஸ்' செயலியை எல்லோரும் ஏற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அருகில் உள்ள ஒதுங்கும் இடம் எது என்று இன்று மாணவர்களே வீட்டாரோடு நடந்துபோய்ப் பார்த்து வரட்டும். பெரும்பாலும் அது தெருவின் ஆரம்பப் பள்ளி.

காவல் 110, ஆம்புலன்ஸ் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் வாங்க வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றும் ரசீதும் இல்லாமல் காப்பீடு தராது. அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பொருள் தொலைந்தால் தெருமுனைக் காவல் சாவடியான 'கோபான்'. பர்ஸ் பணத்தோடு திரும்பக் கிடைப்பது இங்கே அதிசயமில்லை.

மதுவும் புகையும் 20 வயதுக்குக் கீழ் கூடாது. 2022-லிருந்து 18 வயதிலேயே பெரியவர் ஆகிவிடலாம், ஆனால் இந்த இரண்டுக்கும் வயது மாறவில்லை. கல்லூரிக் குழுவில் 18, 19 வயதினர் சொந்த நாட்டுச் சட்டத்தை வைத்து வாதிடுவார்கள். இங்கே செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நாள் 9

கியோன் பகுதியில் சில சந்துகள் தனியார் நிலம். அங்கே நுழைய வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்று பலகை உண்டு, 10,000 யென் கேட்பதாகவும் எழுதியிருக்கும். அங்கே நடந்துபோகும் கெய்கோ (கியோட்டோவின் கெய்ஷா கலைஞர்கள்), மைகோ (அந்தக் கலை பயிலும் இளம்பெண்கள்) பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வழிமறித்துப் படம் எடுக்காதீர்கள்.

மாலையில் நன்றிக் கடிதம். ஊர் திரும்பிய பிறகு எழுதுவோம் என்றால் பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள். இன்றே எழுதி, நாளை தலையணைமேல் வைத்துவிட்டு வாருங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' போதாது. என்றைக்கு என்ன சமைத்துத் தந்தார், எந்த மழையில் குடை கொண்டு வந்தார் என்று எழுத வேண்டும். தமிழில் நான்கு வரியும் அதன் கீழே எளிய ஜப்பானியத்தில் நான்கு வரியும்.

நாள் 10

தரைப்படுக்கையைத் தினமும் மடித்தது போலவே இன்றும் மடியுங்கள், ஆனால் அலமாரிக்குள் வைக்க வேண்டாம். விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றித் தனியாக மேலே வையுங்கள், வீட்டார் துவைக்கத்தான் எடுப்பார்கள். குப்பைக்கூடையைப் பிரித்துக் காலி செய்யுங்கள். ஸ்லிப்பரைச் சேர்த்து, முனை வீட்டுக்குள் பார்க்க வைத்துவிட்டு, கெங்கானில் இறங்கி ஷூவில் காலை நுழைக்க வேண்டும். 'சயோநாரா' இங்கே கொஞ்சம் கனமான சொல், வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. நாமும் வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்வதில்லை அல்லவா. வழக்கமாகச் சொல்வதையே சொல்லுங்கள்: 'இத்தேகிமாஸ்'.

ரயில் நிலையத்தில் இகோகா அட்டையைத் திருப்பித் தரலாம். ஜே.ஆர். மேற்கு என்ற ரயில் நிறுவனத்தின் நிலையங்களில் மட்டுமே வாங்கிக்கொள்வார்கள், டோக்கியோ வழியாகத் திரும்புபவர்கள் கவனிக்க. மீதியிலிருந்து 220 யென் கட்டணம் பிடித்துக்கொண்டு வைப்புத்தொகை 500-ஐத் தருவார்கள். மீதியைக் கடையில் செலவழித்துச் சுழியம் ஆக்கிவிட்டுக் கொடுத்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது, 500 முழுசாக வரும். ஆனால் கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து வருடம் வரை அட்டை செல்லும். திரும்பி வர நினைக்கிற பிள்ளைகள் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம்.